சேலையூர்ப் பாட்டுக்காரி

ஜிகினா வைத்த சேலையை எப்படித் தேய்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க இந்தச் சேலையூர் கேம்ப் ரோட்டில் இன்னும் ஒருத்தி பிறக்கவில்லை. சேலையை உள்புறமாகத் திருப்ப வேண்டும். மேலே பழைய வேட்டித் துணியை ஈரம் பண்ணி விரிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தக் கூடாது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். நாற்பது வருடம் தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்று ஊரார் துணியைத் தேய்த்தவள் நான். அப்படிப்பட்ட என் கையாலேயே ஒரு ஜிகினாச் சேலை பொசுங்கியது. அது யாருடைய சேலை, அப்புறம் என்ன ஆயிற்று என்பதை எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். எனக்கும் அவசரம் இல்லை, நீங்களும் நிதானமாகவே படிக்கலாம்.

பாட்டுக்காரி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டோம். நோட்டீசில் அவளுக்கு ஒரு பெயர் போடுவார்கள். அது பாட்டுக் குழு நடத்துகிற மாஸ்டர் வைத்தது. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் நோட்டீசையும் படித்ததில்லை, கார்டையும் கேட்டதில்லை. பகலில் பல்லாவரத்தில் தோல் பை தைக்கிற கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, காலனி ஆண்டுவிழா என்று எங்காவது மேடையில் நின்று சினிமாப் பாட்டுப் பாடுவாள். ஆள் கட்டை, குரல் நெட்டை. எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தாள். மேடைக்குக் கட்டுகிற சேலையை என்னிடம்தான் தேய்க்கக் கொடுப்பாள். தேய்த்து முடிகிற வரை வண்டிப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருப்பாள்.

அவள் வாயில் ஒரு வார்த்தை குடியிருந்தது. நம்மளுது.

தெருக்குழாய் சொட்டினால் சேற்றில் இறங்கி மூடிவிட்டு வருவாள். ஏன் என்று கேட்டால், "நம்மளுதுக்கா தண்ணி" என்பாள். பட்டப்பகலில் எரிகிற தெருவிளக்குக்காக ஆபீசுக்குப் போன் போட்டு, "நம்மளுது சார் கரண்டு, சும்மா எரிஞ்சிகினு கீது" என்று சண்டை போடுவாள்.

ஒருமுறை தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டு பேரும் போனோம். எதிரே காலேஜ் பையன் ஒருத்தன் வண்டிச் சுவரில் சாவியால் தன் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். இவள் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லா கீறு தம்பி. உங்க வூட்டு அட்ரஸ் குடு. நான் வந்து உங்க பீரோவுல என் பேரைக் கீறிட்டுப் போறேன்."

"ஆன்ட்டி, இது கவர்மென்ட் ட்ரெய்ன்."

"அதத்தான் சொல்றேன். கவர்மென்டுன்னா இன்னா, வானத்துலேர்ந்து குதிச்சிச்சா? நானு. தோ, இந்த அக்கா. நீயும்தான்டா, கஸ்மாலம்!"

பெட்டியே சிரித்தது. பையன் சாவியைப் பையில் போட்டவன் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டான். அது அவன் இறங்க வேண்டிய ஸ்டேஷனா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

பாட்டிலும் அவளுக்கு இதே குணம்தான். ஒரு வரவேற்புக்குக் கடைசி நேரத்தில் சேலையைத் தேய்த்துக்கொண்டு மண்டபத்துக்கே போனேன். வந்தது வந்தோம் என்று மேடை ஓரமாக நின்று கேட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் எழுதியவர் பெயர், மெட்டுப் போட்டவர் பெயர், முதலில் பாடியவர் பெயர், மூன்றையும் மைக்கில் சொன்னாள். மாஸ்டர் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். இவள் அவசரப்படவில்லை. மூன்று பெயரும் சொல்லி, நெஞ்சில் கைவைத்துக் கும்பிட்டு, அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

பாட்டு அச்சு அசலாகப் போகும். இரண்டாவது சரணத்தில் மட்டும் ஓரிடத்தில் தன்னுடைய சங்கதி ஒன்றைப் போடுவாள். குரல் ஒரு சுற்றுச் சுற்றி, யாரும் எதிர்பாராத வாசல் வழியாகத் திரும்பி வரும். அன்றைக்குச் சீட்டு எழுதி அந்தப் பாட்டைக் கேட்டவர் மாப்பிள்ளையின் மாமா. அவர் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, ஒரிஜினல்ல அந்த இடம் அப்படி இல்லையே? நீ பாட்டுக்கு எங்கேயோ போயிட்டியே?"

"சார், ஒரிஜினல் உங்க போன்லயே கீது. எப்ப வேணா கேக்கலாம். இன்னிக்கு வான்னு கூப்ட்டது என்னியத்தானே?"

"அதுக்காக? பாட்டு உன்னோடதா?"

"எழுதினவரு பேரு சொன்னேன். மெட்டு போட்டவரு பேரு சொன்னேன். மொதல்ல பாடினவங்க பேரையும் சொல்லிக் கும்ட்டாச்சு. இனிமே அது நம்மளுது சார். உங்களுதும்தான். இந்தாங்க மைக்கு, பாடுங்க."

சபை முழுக்கக் கைதட்டியது. மனிதர் தப்பிக்க வழியில்லாமல் மைக்கை வாங்கிப் பல்லவியைப் பாடினார். சுருதி மண்டபத்துக்கு வெளியே நின்றது. ஆனால் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளையே அன்றைக்கு அத்தனை சந்தோஷமாக இல்லை.

"முழுசா மாத்தினா அது திமிருக்கா. ஒண்ணுமே மாத்தலேன்னா நான் டேப் ரிக்கார்டரு" என்று வருகிற வழியில் சொன்னாள்.

அரசாங்கத்தைப் பற்றி அவள் கருத்துச் சொல்லாத நாள் கிடையாது. ஒருநாள் என் வண்டியில் சட்டை கொடுத்துவிட்டு நின்றவர், மாடி வீட்டு சார், ரிட்டயரான ஆபீசர். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இலவசம் கொடுத்துக் கொடுத்தே நாட்டைக் குட்டிச்சுவர் ஆக்கிட்டாங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பதில் இவளிடமிருந்து வந்தது.

"சார், இந்த ரோட்டு மேலதானே நடந்து வந்தீங்க? டிக்கெட் எடுத்தீங்களா?"

"நான் டாக்ஸ் கட்டறேன்மா."

"இந்த அக்கா தீப்பெட்டி வாங்குது. சோப்பு வாங்குது. டீத்தூள் வாங்குது. எல்லாத்துலயும் வரி கீது. உங்களுக்கு ரசீது குடுக்கிறான், அக்காவுக்குக் குடுக்கல. அவ்ளோதான் சார் வித்தியாசம்."

"அது வேற, இது வேற."

"பெரிய கம்பெனிக்காரன் கடனைத் தள்ளுபடி பண்ணா அதுக்கு அழகா ஒரு இங்கிலீஷ் பேரு வெக்கிறீங்க. ஏழைக்குக் குடுத்தா மட்டும் இலவசமா?"

அதற்காக அரசாங்கத்துக்குத் தாளம் போடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். "புருசனைச் சாராயக் கடையில உக்கார வெச்சிப் புடுங்குறான், பொண்டாட்டி கையில மிக்சியைக் குடுக்குறான். இது இன்னா நியாயம்?" என்று அதே மூச்சில் கேட்டாள். பாட்டு வாய்க்கு வாய் போகிற மாதிரி காசு கைக்குக் கை போக வேண்டும், ஒருத்தன் பெட்டியில் போட்டுப் பூட்டினால் அது செத்துப்போகும் என்பது அவள் கட்சி.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு நான் சார் கட்சி. என் வீட்டுக்காரர் போனபோது மகனுக்கு ஏழு வயது. யாரிடமும் கைநீட்டாமல் வளர்த்தேன். தெருவில் எல்லோரும் இலவச டிவி வாங்கினபோது நான் வாங்கவில்லை. 'அவ பெரிய ஜமீன்தாரிணி' என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். எனக்கென்று இருந்தது நேராக நிற்கிற முதுகு ஒன்றுதான். அதையும் வளைத்துவிட்டால் நான் யார்?

இப்போது சேலைக்கு வருகிறேன்.

என் பெட்டி என் மாமியார் காலத்துக் கரிப்பெட்டி. மூடியின் கொக்கி உடைந்து வெகு நாள் ஆகிவிட்டது. கம்பி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, அவளுடைய ஊதா நிற ஜிகினாச் சேலை. அன்று சாயங்காலம் அவளுக்குப் புரோகிராம். உள்புறம் திருப்பி, வேட்டித் துணி போட்டு, எல்லாம் முறையாகத்தான் செய்தேன். முந்தானைக்கு வரும்போது கம்பி அறுந்து மூடி திறந்துகொண்டது. நெருப்புக் கங்கு அப்படியே சேலைமேல் கொட்டியது. உதறி அணைப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சுற்றியிருந்த ஜிகினா எல்லாம் கருகிச் சுருண்டுவிட்டது.

அவள் வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஒரிஜினலை மாத்திட்டியே?"

"ஏமே, சிரிக்காத. எனக்கு வயிறு எரியுது."

"இரு இரு."

வீட்டுக்கு ஓடி, தோல் தைக்கிற ஊசியையும் கத்திரியையும் எடுத்து வந்தாள். கொசுவத்துக்குள் போய்விடுகிற ஓரத்திலிருந்து ஜரிகையை வெட்டி, பூ மாதிரி மடித்து, ஓட்டைமேல் வைத்துத் தைத்தாள். என் வண்டியில் உட்கார்ந்தபடியே அரை மணி நேரத்தில் முடித்தாள். அன்றைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு பாடினாள். "கடையில இதே மாரி பத்து தொங்கிகினு கீது. இப்பத்தான் இது என் சேலை" என்றாள்.

அவள் மன்னித்தாள், காலனி மன்னிக்கவில்லை. நெருப்புக் கொட்டின கதை வீட்டுக்கு வீடு போயிற்று. ஒவ்வொரு வீடாகத் துணி வருவது நின்றது. மாடி வீட்டு சாரின் சட்டைகளும் மெயின் ரோட்டுக் கரண்ட் இஸ்திரிக் கடைக்குப் போயின. புதுப் பெட்டி இல்லாமல் பிழைப்பு இல்லை என்று ஆகிவிட்டது. மகன் அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம்.

அந்தச் சமயத்தில்தான், துணி தேய்க்கிறவர்களுக்கு அரசாங்கம் பித்தளை இஸ்திரிப் பெட்டி கொடுக்கிறது என்று பெயர் எழுத ஆள் வந்தார். நான் முடியாது என்று அனுப்பிவிட்டேன். விஷயம் தெரிந்து அன்றைக்குச் சாயங்காலமே பாட்டுக்காரி வந்து வண்டிமேல் கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"லூசாக்கா நீ? வந்தவரைத் தொரத்தினியாமே?"

"பிச்சை வாங்க மாட்டேன்."

"அப்ப நான் மேடையில பாடுறது பிச்சையா? எதுவும் நான் எழுதினது இல்லியே?"

"நீ யாருதுன்னு பேர் சொல்லிட்டுப் பாடுற."

"நீயும் பேரைச் சொல்லிட்டு வாங்கு. யாரு காசுன்னு சொல்லிட்டு வாங்கு."

"யாரு காசு?"

"உன்னுது. இத்தினி வருசமா நீ வாங்கின தீப்பெட்டியில கீது அந்தப் பெட்டி. என்னுதும் கொஞ்சம் கீது. நம்ம மாடி வூட்டு சார்துகூட கீது, அவருக்குத்தான் தெரியல."

நானும் விடவில்லை.

"மேடையில குனிஞ்சி வாங்கச் சொல்லுவானுங்க. நான் குனிய மாட்டேன்."

"எவ குனியச் சொன்னா? நிமிர்ந்தே வாங்கு. வரியும் குனிஞ்சா கட்டின?"

மறுநாள் அவளே என்னைப் பெயர் எழுதுகிற ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் கையெழுத்தைப் போட எனக்கு நேரம் பிடிக்கும். ஆபீசில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முழுப் பெயரையும் எழுதிப் புள்ளி வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

விழா ஒரு மண்டபத்தில் நடந்தது. கூட்டம் கலையாமல் இருக்கப் பாட்டுக் கச்சேரியும் வைத்திருந்தார்கள். பார்த்தால் நம்ம மாஸ்டர் குழு. ஊதாச் சேலையில், முந்தானையில் ஜரிகைப் பூவோடு அவள் மேடை ஓரத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

மேடை நடுவில் மேஜை, மேஜைமேல் பெட்டிகள். பக்கத்தில் சிறப்பு விருந்தினர், நல்ல வயதான பெரியவர். படியண்டை பேட்ஜ் குத்திக்கொண்ட ஓர் ஆள் நின்று, ஏறுகிற ஒவ்வொருத்தியிடமும், "கால்ல விழுந்து கும்பிட்டு, பெட்டியத் தொட்டு, கேமராவைப் பாரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அப்படியே செய்தார்கள். எனக்கு முன்னால் போனவள் என்னைவிட மூத்தவள். குனிந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

என் முறை வந்தது. படியில் நின்றுவிட்டேன்.

"சீக்கிரம்மா. கும்பிட்டு வாங்கு."

"நான் குனிய மாட்டேன்."

"ஏம்மா, போட்டோவுக்குத்தானே? குனிஞ்சா கொறஞ்சிடுவியா?"

"கொறஞ்சிடுவேன்."

பின்னால் வரிசை நின்றது. சலசலப்பு எழுந்தது. "வேணாம்னா எறங்கு, மத்தவங்க வரட்டும்" என்றார் அந்த ஆள். பெட்டி பத்தடி தூரத்தில் பளபளவென்று இருக்கிறது. மகனுடைய படிப்பு அதற்குள் இருக்கிறது. என் கால் பின்பக்கம் ஒரு படி இறங்கியும் விட்டது.

பாடிக்கொண்டிருந்தவள் பாட்டை நிறுத்தினாள். மாஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவளுக்கு அந்தக் குழுதான் பாட்டு. அது போனால் வெறும் தோல் பை மட்டும்தான். தெரிந்தேதான் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். எப்போதும் பாட்டுக்கு முன்னால் பெயர் சொல்கிற அதே நிதானத்தில் சொன்னாள்:

"இந்தப் பெட்டிக்குக் காசு குடுத்தவங்க இப்ப மேடைக்கு வர்றாங்க. எல்லாரும் ஜோரா ஒரு கைதட்டு!"

யாரோ பணக்காரர் வருகிறார் என்று கூட்டம் வாசலைத் திரும்பிப் பார்த்தது. வந்தது நான். விஷயம் புரிந்ததும் முதலில் வரிசையில் நின்ற பெண்கள் தட்டினார்கள். அப்புறம் மண்டபமே தட்டியது. டிரம்ஸ்காரப் பையனுக்கு என்ன தோன்றிற்றோ, தடதடவென்று ஒரு உருட்டு உருட்டினான். நான் ஏறினேன். பெரியவருக்கு நேரே போய், கையை மட்டும் கூப்பி, நிமிர்ந்து நின்றேன்.

குனிகிறவர்களுக்குப் பெட்டியைத் தொட்டுக் காட்டினால் போதும். நிமிர்ந்து நிற்கிறவளுக்குக் கையில் எடுத்துத்தானே கொடுக்க வேண்டும்? பெரியவர் பெட்டியைத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை. உதவியாளர் ஓடிவந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி, முகம் சிவக்க என் பக்கம் நீட்டினார்கள். நான் வலது கையை நீட்டி, பிடியைப் பற்றி, ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டேன். பெரியவரே வாய்விட்டுச் சிரித்து, "அம்மாவுக்கு இன்னொரு தடவை தட்டுங்கப்பா" என்றார்.

எனக்குப் பின்னால் வந்த ஒருத்திகூடக் குனியவில்லை. அத்தனை பேரும் நிமிர்ந்துதான் வாங்கினார்கள். ஒவ்வொருத்திக்கும் பாட்டுக்காரி அதே வார்த்தையைச் சொன்னாள், ஒவ்வொரு தரமும் ஒரு சங்கதி மாற்றி.

அந்த விழாக்காரர்கள் மாஸ்டரை மறுபடி கூப்பிடவில்லை. அவர் இவளிடம் எகிறினார். அதற்குள் கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு திருவிழாக் கமிட்டி, "அன்னிக்கு மைக்ல பேசின பொண்ணு வந்தாத்தான்" என்று கேட்டுவிட்டது. மாஸ்டர் கப்சிப். மாடி வீட்டு சாரும் ஒரு மாதம் கழித்துச் சட்டைகளோடு வந்தார். பித்தளைப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "நல்ல கனம்" என்றார். "உங்க காசும் இருக்குது சார் இதுல" என்றேன். சிரித்துவிட்டார்.

அடுத்த வருஷமே தோல் கம்பெனி ராணிப்பேட்டை பக்கம் போயிற்று. அவளும் போனாள். ஊதாச் சேலையைக் கடைசியாகத் தேய்த்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. "ஏமே, நம்மளுது" என்றேன். அப்புறம் அவளைப் பார்க்கவில்லை. எங்கோ ஒரு மேடையில் மூன்று பெயர் சொல்லிவிட்டு வாயைத் திறந்துகொண்டிருப்பாள்.

போன மாதம் இங்கே பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். என் மருமகளுக்கும் கிடைத்தது. நான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பெரிய மனிதர்களுக்குப் போட்ட நாற்காலி வரிசை, அதில் ஒன்று காலி. படியில் வேறு ஓர் ஆள், அதே பேட்ஜ். "கால்ல விழுந்து வாங்கிக்கம்மா." மருமகள் குனியப் போனாள். இந்த வயதில் முழங்கால் ஒத்துழைக்காது என்றாலும் எழுந்து நின்றேன். என்னிடம் மைக் ஏது? நாற்பது வருஷம் மாடி வீடுகளைப் பார்த்து "துணீ" என்று கூவிய தொண்டை போதும்.

"இத மொதல்ல சொன்னது சேலையூர்ப் பாட்டுக்காரி! இப்ப சொல்றது நானு!"

மேடையே திரும்பிப் பார்த்தது. மருமகள் பாதிக் குனிந்தபடி நின்றாள்.

"இந்த மிசினுக்குக் காசு குடுத்தவ மேடைக்கு வந்துகீறா. எல்லாரும் ஜோரா கைதட்டுங்க!"

தட்டினார்கள். மருமகள் முதுகு மெல்ல நிமிர்ந்தது. பாட்டுக்காரி பாடினபடியே பாடியாயிற்று. இனி என் சங்கதி ஒன்று பாக்கி இருந்தது. சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து போட்டேன்.

"அந்த நாற்காலிக்கும் அவதான் காசு குடுத்தா. மொதல்ல அவளைக் குந்தச் சொல்லுங்க!"